விடை கொடுத்து விடை கொடுப்பதா?

(மாலைநேரப் படிப்பகங்களில் மாணவர்க்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் தொண்டர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடகம் எழுதுகிறவனை, மேடையிலே முழங்குகிறவனை அழைத்துக் கணினியைப் பற்றிப் பேசு என்று பணித்திருக்கிறீர்கள். கல்லூரி வாயிலுக்குள் நுழைந்து பட்டம் பெறாமலே வெளியே வந்தவன் நான். 'இவனுக்கும் நிரலுக்கும் என்ன உறவு?' என்று முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் பொறியியல் மாணவர்கள் புன்முறுவல் பூப்பது எனக்குத் தெரிகிறது. உறவு இருக்கிறது தோழர்களே! நிரல் என்றால் என்ன? செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய வரிசையிலே, ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைப்பது. நாடகமும் அதுதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நான் எழுதிய வசனத்திலே பிழை இருந்தால் நடிகர் சமாளித்துவிடுவார். கணினி சமாளிக்காது, எழுதியதை எழுதியபடியே செய்து, எழுதியவன் எங்கே தவறினான் என்பதை ஊரறியச் செய்துவிடும்! (சிரிப்பு)

எழுந்துள்ள வழக்கு

நம் படிப்பகங்களிலே ஒரு வழக்கு எழுந்திருக்கிறது. பகலெல்லாம் கல்லூரியிலே பயின்றுவிட்டு, பேருந்திலே நின்றுகொண்டே ஊர் திரும்பி, முகம் கழுவியதும் கழுவாததுமாக நம் படிப்பகத்துக்கு வருகிறார்கள் பிள்ளைகள். கையிலே வீட்டுப்பாடம். "அண்ணா, இதற்கு நிரல் எழுதவேண்டும்; எனக்கு வரவில்லை; நாளைக் காலையிலே ஒப்படைத்தாக வேண்டும்" என்கிறார்கள். அங்கே அமர்ந்திருக்கும் நம் தொண்டருக்கு அது தெரியும். அரை நிமிடத்திலே எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுப்பதா, கூடாதா? வழக்கு இதுதான்.

கொடு என்கிறார்கள் ஒரு சாரார். கொடாதே என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் நல்லவர்கள். இரு சாராரும் உழைப்பவர்கள். ஆனாலும் வாதம் முற்றி, ஒரே மேசையிலே அமர்ந்து கற்றுத்தந்தவர்கள் இப்போது தனித்தனி மூலையிலே அமர்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மேசைகள் பிரிந்தால் போகட்டும்; பிள்ளைகள் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் வாசற்படியிலே தயங்கி நிற்கக் கூடாதல்லவா? அதனால்தான் இதைப் பொதுமன்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

மூன்று காட்சிகள்

நாடகக்காரன் அல்லவா, காட்சியாகவே வைக்கிறேன்.

பாடம் மிகச் சிறியது. 1 முதல் 10 வரை உள்ள எண்களைக் கூட்டிச் சொல்ல ஒரு நிரல். மொழி, பைத்தான். தம்பி எழுதுகிறான். ஒவ்வோர் எண்ணாக எடுத்துக் கூட்டிக்கொண்டே போகும் 'லூப்' ஒன்றை அமைக்கிறான். எங்கே தொடங்கி எங்கே முடிவது என்று சொல்ல 'ரேஞ்ச்' என்ற சொல்லைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 1, 10 என்று எழுதுகிறான். ஓட்டிப் பார்க்கிறான். கணினி சொல்கிறது: 45. வரவேண்டியதோ 55. தம்பி திகைக்கிறான், தொண்டரை நாடுகிறான்.

முதற் காட்சி. தொண்டர் கருணை மிக்கவர். விசைப்பலகையைத் தம் பக்கம் இழுக்கிறார். 10 என்பதை அழித்து 11 என்று ஆக்குகிறார். 55 வந்துவிடுகிறது. "போய் வா தம்பி!" என்கிறார். தம்பிக்கு மகிழ்ச்சி, தொண்டருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் 1 முதல் 100 வரை கூட்டச் சொல்கிறார் ஆசிரியர். தம்பி 1, 100 என்று எழுதுகிறான். 5050 வரவேண்டிய இடத்திலே 4950 வந்து நிற்கிறது. மீண்டும் ஓடி வருகிறான். நேற்று 11 என்று ஏன் மாற்றினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், மாற்றத் தெரிந்தவர் யார் என்பது மட்டுமே.

இரண்டாம் காட்சி. தொண்டர் கொள்கையிலே உறுதி மிக்கவர். "புத்தகத்திலே இருக்கிறது, படித்துப் பார். ஒரு லூப்கூடத் தெரியாமலா பொறியியலுக்கு வந்தாய்?" என்கிறார். பக்கத்திலே இருக்கும் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். தம்பி தலை கவிழ்கிறான். மறுநாள் அவன் வரவேயில்லை. வராதவனின் பிழை திருந்திற்றா என்று நமக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் காட்சி. தொண்டர் ஒரு பெண். கேட்கிறார்: "கணினி 45 என்கிறது. நீ விரல் விட்டுக் கூட்டினால் எவ்வளவு தம்பி?"

"55 அக்கா."

"எவ்வளவு குறைகிறது?"

"10."

"ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களிலே எது கூட்டலில் சேராமல் போயிருக்கும்?"

தம்பியின் கண் விரிகிறது. "பத்துதான் அக்கா! கடைசி எண்ணை விட்டுவிட்டது!"

"ஆமாம். ரேஞ்ச் என்பது முதல் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். முடிவு எண்ணை எட்டியதும் நின்றுவிடும், அதைச் சேர்க்காது. அந்த மொழியை வகுத்தவர்கள் வைத்த வழக்கம் அது. நீ இரவெல்லாம் விழித்து யோசித்தாலும் அது உனக்குத் தோன்றாது; ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். இப்போது உன் நிரலை நீயே திருத்து."

இதற்கு ஐந்து நிமிடம் பிடித்தது. முதல் தொண்டருக்கு அரை நிமிடம். இரண்டாமவருக்கு அதுவும் இல்லை. ஆனால் மறுநாள் 100 வரை கூட்டச் சொன்னபோது, இந்தத் தம்பி 101 என்று தானே எழுதுவான்.

நம் தமிழிலே 'விடை கொடுத்தான்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. மறுமொழி தந்தான் என்பது ஒன்று. போகச் சொல்லி அனுப்பிவைத்தான் என்பது மற்றொன்று. முதல் தொண்டர் விடை கொடுத்தார், அதனாலேயே விடை கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாமவரோ விடை கொடுக்காமலே விடை கொடுத்துவிட்டார்! (கைதட்டல்) மூன்றாமவர் ஒருவரே பிள்ளையை உட்காரவைத்தார்.

கொடு என்போர் வழக்கு

கொடு என்பவர்களின் வாதத்தை நான் எளிதிலே தள்ளிவிட மாட்டேன். அவர்கள் கேட்கிறார்கள்: "வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அண்ணன் பொறியாளன், அத்தை மென்பொருள் நிறுவனத்திலே மேலாளர், பற்றாக்குறைக்குத் தனிப்பயிற்சி. அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் சாப்பாட்டு மேசையிலேயே தீர்ந்துவிடுகிறது. நம் தம்பியின் தந்தை நெசவு நெய்பவர். தாய் பீடி சுற்றுபவர். அந்த வீட்டிலே கல்லூரிப் படி மிதித்த முதல் பிள்ளை இவன். இவனை மட்டும் 'நீயே முட்டி மோதிக் கற்றுக்கொள்' என்று விடுவது என்ன நியாயம்?" நியாயமான கேள்வி.

ஆராய்ச்சியும் அவர்கள் பக்கம் ஓரளவு பேசுகிறது. 1985-ஆம் ஆண்டிலே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் என்ற இருவர், இயற்கணிதம் பயிலும் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். புதிதாகப் பயில்பவனுக்குக் கணக்கை மட்டும் கொடுத்துத் திண்டாட விடுவதைவிட, படிப்படியாகச் செய்துகாட்டிய கணக்கைக் கொடுத்து அதைப் படிக்கச் சொல்வது மேல் என்று கண்டார்கள். காரணம் புரியக் கூடியதே. இருட்டறையிலே நிற்பவன், சுவரிலே மோதாமல் இருப்பதிலேயே தன் கவனம் முழுவதையும் செலவிட்டுவிடுகிறான். அறையின் அமைப்பைக் கற்றுக்கொள்ள மனத்திலே இடம் மிஞ்சுவதில்லை. ஆகவே, 'திண்டாடினால்தான் அறிவு வளரும்' என்று எல்லார்க்கும் எல்லா நேரத்திலும் சொல்வது ஆசிரியம் ஆகாது.

ஆனால் கவனியுங்கள் தோழர்களே! அவர்கள் செய்துகாட்டியது ஒரு கணக்கு. பிள்ளையைச் செய்யச் சொன்னது அதைப் போன்ற இன்னொரு கணக்கு. காட்டியதையே எழுதிக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லவில்லை. நாம் இழுபறி செய்துகொண்டிருக்கும் வழக்குக்குத் தீர்வு, இந்த இடைவெளியிலேதான் இருக்கிறது.

கொடாதே என்போர் வழக்கு

கொடாதே என்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்கள் கண்ட காட்சி அப்படி. நான்காண்டு படித்து, பாடத்துக்கொரு ரெக்கார்டு நோட்டு எழுதி, கையொப்பம் வாங்கி, பட்டமும் பெற்ற ஒருவன் வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிறான். எதிரே இருப்பவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒரு வரிசை எண்களிலே மிகப் பெரியது எது என்று கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதுங்கள்" என்கிறார். தாள் வெள்ளையாகவே இருக்கிறது. அவன் எழுதியிருந்த நிரல்கள் ஏராளம். அவை அத்தனையும் முந்திய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து வந்தவை. இறுதியாண்டுத் திட்டப்பணியோ, காசு கொடுத்தால் கட்டி அட்டை போட்டுத் தருகிறார்களே 'ப்ராஜெக்ட் சென்டர்' என்ற பெயரில், அங்கே வாங்கியது. தந்தை கட்டிய கட்டணத்துக்கு ரசீது இருக்கிறது. கற்ற கல்விக்குத்தான் கையிலே ஒன்றும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது அடுத்தவன் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய சுரைக்காய்!

பாரதக் கதையிலே ஏகலைவனை எல்லாரும் அறிவீர்கள். கற்றுத்தர மறுத்த துரோணர், அவன் தானே கற்ற பிறகு கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். இரண்டாம் காட்சித் தொண்டரைப் பார்த்து, 'கற்றுத்தர மறுக்கிறாயே, நீயும் துரோணரா?' என்று நாம் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதற் காட்சித் தொண்டரும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாரே, அப்போது பிள்ளையின் விரல்கள் எங்கே இருந்தன? மடியிலே இருந்தன. வில்லாளிக்குக் கட்டைவிரல் எப்படியோ, நிரல் எழுதுபவனுக்கு முயன்று தவறித் திருத்துகிற பழக்கம் அப்படி. துரோணர் கேட்டு வாங்கினார். நாம் கேட்காமலே, அன்பின் பெயராலே வாங்கிக்கொள்கிறோம். கேட்கிற பிள்ளையும் நன்றி சொல்லியே கொடுத்துவிட்டுப் போகிறது. இதுதான் இதிலுள்ள கொடுமை.

திரைமறைவில் நிற்பவர்

எங்கள் நாடக உலகிலே ஒருவர் உண்டு. பெயர் விளம்பரத்திலே வராது. மாலை அவர் கழுத்திலே விழாது. பக்கத் திரைக்குப் பின்னே, கையிலே வசனப் படியுடன் நின்றுகொண்டிருப்பார். நடிகர் வரி மறந்து தடுமாறும்போது எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. எவ்வளவு எடுத்துக்கொடுப்பார் தெரியுமா? ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடிகர் மீதி வசனத்தைத் தாமே பொழிந்துவிடுவார். எடுத்துக்கொடுப்பவர் ஆர்வ மிகுதியிலே முழு வசனத்தையும் முழங்கினால் என்ன ஆகும்? சபையோர் காதிலே விழும், நடிகர் சிலையாகி நிற்பார், நாடகம் கெடும். ஒரு சொல்லும் கொடாமல் 'ஒத்திகையிலே ஒழுங்காகப் படித்திருக்கவேண்டும்' என்று முறைத்துக்கொண்டு நின்றாலும் நாடகம் கெடும்.

எந்தச் சொல்லை எடுத்துக்கொடுப்பது என்று தெரியவேண்டுமானால், அவருக்கு நாடகம் முழுவதும் தெரிந்திருக்கவேண்டும். நடிகர் எந்த இடத்திலே நிற்கிறார் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். முழுதும் ஒப்பிப்பதைவிட ஒரு சொல் கொடுப்பதுதான் கடினம். ஆகவே, விடையைச் சொல்லாமல் வழியைச் சொல்வது வேலையைத் தட்டிக்கழிப்பது என்று யாரும் எண்ணவேண்டாம். அதுதான் அதிக வேலை.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது?

இனி நடைமுறைக்கு வருவோம். பிள்ளைகள் கொண்டுவரும் கேள்விகளை மூன்று கூறாக நான் பிரிக்கிறேன்.

முதலாவது, வழக்கத்தைப் பற்றிய கேள்வி. பைத்தானிலே 'இஃப்' என்று எழுதிய வரியின் முடிவிலே முக்காற்புள்ளி போடவேண்டும். சி மொழியிலே கூற்றின் முடிவிலே அரைப்புள்ளி போடவேண்டும். எண்ணிக்கை பூச்சியத்திலே தொடங்கும். மென்பொருளை நிறுவும்போது இந்தக் கட்டத்திலே இதை அழுத்தவேண்டும். இவையெல்லாம் எவரோ அமர்ந்து முடிவு செய்தவை. மூளையைக் கசக்கினால் இவை வெளிவரா. இவற்றைக் கேட்டால் உடனே சொல்லுங்கள், நேராகச் சொல்லுங்கள், புதிர் போடாதீர்கள். 'நீயே யோசி' என்று இங்கே சொல்வது பூட்டின் சாவியைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு, கதவைத் தள்ளிப் பார் என்பதற்கு ஒப்பாகும்.

இதிலே நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு துன்பம் உண்டு. பிழை நேர்ந்தால் கணினி சொல்லும் செய்தி ஆங்கிலத்திலே வருகிறது. 'இன்டென்டேஷன் எரர்' என்று திரையிலே சிவப்பாக வந்தால், தமிழ்வழியிலே படித்து வந்த பிள்ளை, தான் பெருங்குற்றம் செய்துவிட்டதாக அஞ்சுகிறது. 'வரியின் தொடக்கத்திலே விடவேண்டிய இடைவெளி சரியாக இல்லை' என்பதுதான் அதன் பொருள். அந்தப் பொருளைத் தமிழிலே சொல்லிவிடுங்கள். அங்கே அவனைத் தடுத்தது மொழி, அறிவுக்குறைவு அன்று.

இரண்டாவது, முறையைப் பற்றிய கேள்வி. 'எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை' என்பான். அவனுக்குச் செய்துகாட்டுங்கள், முழுதாகவே செய்துகாட்டுங்கள், ஆனால் அவன் வீட்டுப்பாடத்தை அன்று, அதன் உடன்பிறந்த கணக்கை. அவனுக்கு இட்ட பணி 1 முதல் 10 வரை கூட்டுவது என்றால், நீங்கள் 1 முதல் 5 வரை பெருக்கி 120 வருவதைக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பெருக்கலிலே தொடக்க மதிப்பு 1 என்று வைத்தீர்களே, கூட்டலிலே என்ன வைப்பது என்று அவனைக் கேளுங்கள். அவன் பூச்சியம் என்று சொல்லும்போது, நீங்கள் காட்டியதை அவன் பார்க்கவில்லை, புரிந்துகொண்டான் என்பது விளங்கும்.

மூன்றாவது, பாடத்தின் உயிரே எதுவோ அதைப் பற்றிய கேள்வி. அதை மட்டும் அவனுக்கு விட்டுவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2021-இல் வகுத்த பாடத்திட்டத்திலே, முதலாண்டுப் பைத்தான் ஆய்வகத்துக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள்: இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றவேண்டும். பைத்தானிலே இதை ஒரே வரியிலே முடித்துவிடலாம். அந்த வரியைக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வரும், கருத்து வராது. அதற்குப் பதிலாக, "ஒரு தம்ளரிலே பால், மற்றொரு தம்ளரிலே மோர். பாலிருக்கும் இடத்துக்கு மோரும் மோரிருக்கும் இடத்துக்குப் பாலும் வரவேண்டும். என்ன செய்வாய் தங்கச்சி?" என்று கேளுங்கள். "இன்னொரு காலித் தம்ளர் வேண்டும்" என்பாள். முடிந்தது! மூன்றாவது மாறி என்ற கருத்து அவளுடையதாகிவிட்டது. பிறகு அந்த ஒருவரிச் சுருக்கத்தைக் காட்டுங்கள். அதன் அருமை அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

"நாளைக் காலையிலே ஒப்படைக்கவேண்டுமே, இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறானே, அப்போது இந்தத் தத்துவமெல்லாம் எடுபடுமா?" என்று ஒரு தோழர் கேட்டனுப்பியிருக்கிறார். மதிப்பெண் ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் அன்று. அதை நான் அறிவேன். முயன்று பார்த்துவிட்டு உண்மையாகவே முட்டி நிற்கிறான் என்றால், அவனோடு அமர்ந்து எழுதிக் காட்டுங்கள். காட்டியபின் அழித்துவிடுங்கள். வெற்றுத் திரையை அவன் பக்கம் திருப்பி, இப்போது நீ எழுது என்று சொல்லுங்கள். பாதியிலே நின்றால் ஒரு சொல் எடுத்துக்கொடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அவன் ஒப்படைப்பது அவன் விரலால் எழுதியதாக இருக்கும்.

நாற்பது நொடி

'ஒரு வீட்டுப்பாடத்துக்கு இத்தனை பாடா? வேலை நடந்தால் போதாதா?' என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன்.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள். தென் அமெரிக்காவின் கரையிலே பிரெஞ்சு கயானா, அங்கே கூரூ ஏவுதளம். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து உருவாக்கிய ஏரியான் 5 என்ற ராக்கெட், நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு முதன்முதலாகக் கிளம்பிற்று. ஏறத்தாழ 40 நொடி. பாதை பிறழ்ந்தது, உடைந்தது, வெடித்துச் சிதறிற்று.

ஏன்? விசாரணைக் குழு ஆராய்ந்து சொல்லிற்று. ராக்கெட்டின் நிலையை அளந்து சொல்லும் கருவியிலே இருந்த நிரலின் ஒரு பகுதி, முந்திய ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. அது ஒரு பெரிய எண்ணை 16 இலக்கங்கள் மட்டுமே கொள்ளும் சிறிய இடத்திலே அடைக்க முயலும் வரி. இருமக் கணக்கிலே அந்த இடத்துக்குள் 32,767-க்கு மேல் அடங்காது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதானதில்லை. புதியதோ கிடைத்திசையிலே இன்னும் விரைந்து பாய்ந்தது. எண் வழிந்தது, கருவி செயலிழந்தது, அதற்குத் துணையாக வைத்திருந்த மற்றொரு கருவியிலும் அதே நிரல்தான், ஆகவே அதுவும் செயலிழந்தது. இதிலே வேதனை என்னவென்றால், புதிய ராக்கெட் தரையைவிட்டு எழுந்தபின் அந்தப் பகுதிக்கு வேலையே இல்லை.

அதை எழுதியவர்கள் அறிவிலே குறைந்தவர்களா? இல்லை, தேர்ந்த வல்லுநர்கள். அந்த விடை தவறான விடையா? அதுவும் இல்லை, பழைய கேள்விக்கு அது சரியான விடை. விடை மட்டும் ஒரு ராக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்தது. 'ஏன் இது போதும்?' என்ற காரணம் கூடவே பயணம் செய்யவில்லை. 11 என்று மாற்றிய விடையைச் சுமந்துகொண்டு போன நம் தம்பி, மறுநாள் 4950-இலே முட்டி நின்றதும் இதனால்தான். அளவு வேறு, நோய் ஒன்று. இன்று 1 முதல் 10 வரை கூட்டுகிற கை, நாளை மருத்துவமனைக் கருவிக்கும், வங்கிக் கணக்குக்கும், ரயில் பாதைக்கும் நிரல் எழுதப்போகிறது. 'ஏன்' என்று கேட்கும் பழக்கத்தை எந்த வயதிலே கொடுப்பது? இந்த வயதிலே கொடுக்காமல் எப்போது கொடுப்பது?

கேட்டால் கொடுக்கும் இயந்திரம்

கடைசியாக ஒரு வாதம், இன்றைய வாதம். "நாம் விடை சொல்லாவிட்டால் என்ன? கைப்பேசியைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடுகிறது. 2022 நவம்பரிலே சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, வீட்டுப்பாடம் முழுவதும் கண்சிமிட்டும் நேரத்திலே முடிகிறது. காவலில்லாத தோட்டத்துக்கு வாசற்படியிலே மட்டும் ஏன் பூட்டு?" என்கிறார்கள்.

துருக்கி நாட்டிலே ஓர் உயர்நிலைப் பள்ளியிலே, ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2025-இலே அறிவியல் ஏட்டிலே வெளிவந்தது. பாடம் கணிதம், ஆனாலும் நமக்கும் பொருந்தும். ஒரு பகுதியினருக்குக் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் இயந்திரம். இன்னொரு பகுதியினருக்கு ஆசிரியர்கள் வகுத்துக்கொடுத்தபடி, விடையைக் கொட்டாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும் இயந்திரம். மூன்றாம் பகுதியினருக்கு இயந்திரமே இல்லை, புத்தகமும் குறிப்பேடும்தான். பயிற்சி நடந்தபோது, இயந்திரம் இல்லாதவர்களைவிட முதற் பகுதியினர் 48 விழுக்காடும், இரண்டாம் பகுதியினர் 127 விழுக்காடும் மேம்பட்டு நின்றார்கள். ஆகா, வெற்றி! பிறகு தேர்வு வந்தது; இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டதையெல்லாம் வாங்கிப் பழகிய முதற் பகுதியினர், இயந்திரத்தையே காணாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தக் கேடு பெரும்பாலும் நேரவில்லை.

கவனியுங்கள் தோழர்களே! உதவி பெற்ற இரு பகுதியினருக்கும் வாய்த்தது இயந்திரம்தான். கெடுத்ததும் இயந்திரம், காத்ததும் இயந்திரம். வேறுபாடு, அது எப்படிக் கொடுத்தது என்பதிலேதான் இருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே, தொடக்கநிலைக் கணினிப் பாடத்துக்கு 2023-இலே ஒரு துணை இயந்திரத்தை அமைத்தபோதும், விடையைத் தராமல் மாணவனை விடையை நோக்கி நடத்திச் செல்லவேண்டும் என்றே அதைப் பழக்கினார்கள். பெருஞ்செல்வம் படைத்த பல்கலைக்கழகம் பெருமுயற்சியோடு ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் பண்பை, நம் தெருமுனைப் படிப்பகத்திலே, அந்த மூன்றாம் காட்சித் தங்கை தன் இயல்பாகவே வைத்திருக்கிறாள்.  கைப்பேசியைத் தட்டினால் எளிதிலே வாய்ப்பது, கேட்டதும் கொட்டுகிற இயந்திரம். அப்படியிருக்க, நாமும் கேட்டதும் கொட்டுகிறவர்களாக ஆகிவிட்டால், பிள்ளை நம்மிடம் நடந்து வருவதுதான் எதற்கு? கைப்பேசியே போதுமே!

தொண்டர்க்கு வேண்டுகோள்

ஆகவே இரு சாராரும் தனித்தனி மூலையைவிட்டு எழுந்து, ஒரே மேசைக்கு வாருங்கள். கொடு என்ற தோழரே! உம் கனிவு வேண்டும்; விசைப்பலகையை மட்டும் தொடாதிரும். கொடாதே என்ற தோழரே! உம் உறுதி வேண்டும். 'இதுகூடத் தெரியாதா' என்ற சொல்லை மட்டும் நம் படிப்பகத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வாரும். அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகவிழ்ந்து வெளியே போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் வீடு தேடிப் போய் அழைத்துவரும் பொறுப்பும் நமக்கு உண்டு.

பிள்ளை வந்து அமர்ந்ததும், முதலிலே கேளுங்கள்: என்ன செய்ய நினைத்தாய், என்ன நடந்தது, எந்த இடத்திலே இரண்டும் பிரிந்தன? இந்த மூன்று கேள்விக்கு மறுமொழி சொல்லத் தொடங்கும்போதே பாதிப் பிள்ளைகள் தம் பிழையைத் தாமே கண்டுவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு, வழக்கம் என்றால் சொல்லுங்கள். முறை என்றால் காட்டுங்கள். கருத்து என்றால் காத்திருங்கள். ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைதான் நம்மிடம் பணமில்லாமலே இருக்கும் செல்வம்.

நேற்றுவரை கேட்க மட்டுமே தெரிந்திருந்த தம்பி ஒரு நாள் நம் மேசையைக் கடந்து போய், பக்கத்திலே திகைத்து நிற்கும் இன்னொரு சிறுவனிடம், "45 வருகிறதா? விரல் விட்டுக் கூட்டிப் பார், எவ்வளவு குறைகிறது?" என்று கேட்பான். அன்றைக்கு அவனுக்கு நாம் மனநிறைவோடு விடை கொடுக்கலாம். அதுவரை விடை கொடுக்காதீர்கள், பக்கத்திலே அமருங்கள்.